டிசம்பர் 26: தேதி ஒன்று, கடிகாரம் பல

நாட்குறிப்புக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

"வரலாற்றில் இன்று" தயாரிப்பவர்களைப் படுத்தியெடுக்கும் தேதிகளில் டிசம்பர் 26-க்கு முதல் வரிசையில் இடம் உண்டு. சுனாமி, ஈரானின் பாம் நிலநடுக்கம், தைவான் கடலடியில் கேபிள்கள் அறுந்தது, சோவியத் கலைப்பு, ரேடியம், கங்கண சூரிய கிரகணம், சாவித்திரி மறைவு (1981), மன்மோகன் சிங் மறைவு (2024) என்று குவிந்து கிடக்கும் நாள் இது. பள்ளிக் கரும்பலகைக்கோ பண்பலைக்கோ பட்டியல் போடும்போது எங்கே இடறுகிறது, எப்படிச் சரிபார்ப்பது என்று அவரவருக்குத் தெரிந்த துறையிலிருந்து எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். மணி, அளவு, காரணம் போதும்.

முதல் விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். உலக நேரத்தோடு ஐந்தரை மணி சேர்த்தால் நம் நேரம். ஆகவே உலக நேரம் 18.30-ஐத் தாண்டிய எதுவும் நமக்கு மறுநாள். துருக்கியின் எர்சிஞ்சான் நிலநடுக்கம் (1939) உலக நேரப்படி டிசம்பர் 26 இரவு 11.57-க்கு நடந்தது. அங்கே அப்போது 27-ஆம் தேதி அதிகாலை 1.57. அதனால்தான் ஒரு பட்டியலில் 26 என்றும் இன்னொன்றில் 27 என்றும் இருக்கிறது. இரண்டும் பிழையில்லை. எந்த ஊர் மணி என்று எழுதாததுதான் பிழை. நிகழ்ந்த ஊரின் தேதியைத் தலைப்பில் போடுங்கள், மற்றதை உள்ளே சொல்லுங்கள்.

கரையோரம்

சுனாமியிலேயே உலக நேரம் போக மூன்று கடிகாரம் ஓடுகிறது ஐயா. கடலடி நிலம் பிளக்கத் தொடங்கியது உலக நேரம் 00.58.53. இந்திய நேரம் காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடி. இந்தோனேசியாவின் ஆச்சே கரையில் 7.58. பசிபிக் எச்சரிக்கை மையம் ஹவாயில் இருக்கிறது. அவர்களுக்கு அது கிறிஸ்துமஸ் நாள் பிற்பகல் 3 மணிக்கு ஒரு நிமிடம் முன்பு. அவர்களின் ஆவணத்தில் 25 என்ற தேதியைப் பார்த்துவிட்டு நம் பட்டியலைத் திருத்திவிடாதீர்கள்.

பலருக்கும் தெரியாத நான்காவது கடிகாரம் இலங்கை. 2004-இல் அந்த நாட்டின் அரசு நேரம் நம்மைவிட அரை மணி முன்னே இருந்தது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பினார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளோ பழைய நேரத்திலேயே இருந்தன. ஆகவே இலங்கையின் காலி நகரத்து மணியையும் முல்லைத்தீவின் மணியையும் நாகப்பட்டினத்தின் மணியையும் அப்படியே அடுக்கி "அலை இங்கிருந்து அங்கே போக இத்தனை நிமிடம்" என்று கணக்குப் போட்டால் அரை மணி நேரம் பிசகும். எல்லாவற்றையும் முதலில் உலக நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழியுங்கள்.

சென்னைத் துறைமுகத்தின் அலைமானியில் முதல் அலை பதிவானது காலை 9.05. அதாவது நிலம் அதிர்ந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கழித்து. இந்த இடைவெளியைப் பட்டியலில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும். மாணவர்கள் "நிலநடுக்கமும் அலையும் ஒரே நேரத்தில்" என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேகத்தை நீங்களே கணக்கிடலாம். ஆழத்தை (மீட்டரில்) 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 198. மணிக்கு 710 கி.மீ.-க்கு மேல், விமான வேகம். 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கி.மீ. முன்வரிசை தண்ணீர் தளர, பின்னால் வருவது அதன்மேல் ஏறுகிறது. நடுக்கடலில் படகுக்காரர்கள் உணராத அலை கரையில் பனை உயரத்துக்கு எழுவது இதனால்தான்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் எழுதிவைக்காதீர்கள். பிளவின் மேற்குப் பக்கம் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் வற்றியது. மேற்கே நம் பக்கமும் இலங்கைப் பக்கமும் போனது முதலில் மேடான அலை. எச்சரிக்கை எதுவும் தராமல் முதலிலேயே தண்ணீர் ஏறி வரலாம். உள்வாங்கல் முதல் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரலாம், அப்போது மீன் பொறுக்க இறங்குவார்கள். அலைகளுக்கு நடுவே பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். இலங்கையின் பெரலியவில் ரயிலை முதலில் வந்த தண்ணீர் நிறுத்தியது. மேடு என்று நம்பி மக்கள் ரயிலுக்குள்ளும் பின்னாலும் ஒதுங்கினார்கள். அடுத்து வந்தது பெரியது. இறந்தவர்கள் சுமார் 1,700 பேர்.

இதற்கு நேர்மாறு இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு. பிளவுக்கு மிக அருகில் இருந்தும் அங்கே இறந்தவர்கள் ஏழே பேர். 1907-இல் வந்த அலையை அவர்கள் "ஸ்மோங்" என்று பெயரிட்டுப் பாட்டாகவும் கதையாகவும் வைத்திருந்தார்கள். நிலம் பலமாக ஆடினால் கடலைப் பார்க்கப் போகாதே, குன்றுக்கு ஓடு. அவ்வளவுதான் அந்தப் பாடம். நம்மிடம் "ஆழிப்பேரலை" என்ற சொல் இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்ற பாட்டு இல்லை.

கீறல் கோடு

கரையோரம் சொன்னதோடு ஒரு சேர்க்கை. "ரிக்டர் அளவில் 9.1" என்று எழுதாதீர்கள். ரிக்டர் முறை இத்தனை பெரிய நடுக்கத்தில் நிரம்பிவிடும். கொசுவுக்குப் போடும் தராசில் யானையை ஏற்றுவதுபோல. 9.1 என்பது திருப்புத்திறன் அளவு. பிளவின் நீளம், அகலம், நகர்ந்த தூரம் மூன்றும் சேர்த்துக் கணக்கிடுவது. இந்தப் பிளவு சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ., பிளந்து முடிய ஏறத்தாழ பத்து நிமிடம். பிளந்துகொண்டிருக்கும்போதே வந்த முதல் அலைகளை வைத்து அளந்ததால்தான் ஹவாய் மையத்தின் முதல் அறிக்கையில் 8.0 என்று வந்தது. அந்த 1.1 வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்கக் கூடாது. ஒரு புள்ளி கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, 1.1 கூடினால் சுமார் 45 மடங்கு.

பாம் நகரம் இதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2003 டிசம்பர் 26. அளவு 6.6 மட்டுமே. இறந்தவர்கள் 26,000-ஐ ஒட்டி. ஏன்? உள்ளூர் மணி காலை 5.26, வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை, எல்லோரும் உறக்கத்தில். வீடுகள் பச்சை மண் கல். குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்ற கனமான சுவர், கனமான கூரை. பக்கவாட்டு ஆட்டம் வந்தால் அந்தக் கனமே எமன். கான்கிரீட் சரிந்தால் பலகைக்கடியில் காற்றுப் பொந்து கிடைக்கும். மண் வீடு சரிந்தால் பொடியாகி மூச்சை அடைத்துவிடும். நடுக்கத்தின் அளவைவிடக் கட்டடமே கொல்கிறது என்பதற்கு இந்த இரண்டு டிசம்பர் 26-களைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

வாசகி

26 என்ற எண்ணுக்கே தோஷம் என்று ஆண்டுதோறும் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வருகிறதே? குஜராத் ஜனவரி 26, பாம், சுனாமி, தைவான், மும்பை தாக்குதல் என்று வரிசை போடுகிறார்கள். பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கீறல் கோடு

எளிய கணக்கு அம்மா. அளவு 6-க்கு மேற்பட்ட நடுக்கம் உலகில் ஆண்டுக்கு நூற்றுக்கும் மேல் வருகிறது. இருபது ஆண்டில் இரண்டாயிரம் என்று குறைத்தே வைப்போம். மாதத்துக்குச் சுமார் 30 தேதி, அதனால் வகுத்தால் எந்தத் தேதி எண்ணை எடுத்தாலும் அறுபதுக்கு மேல் கிடைக்கும். 17-க்கும் கிடைக்கும், 9-க்கும் கிடைக்கும். மக்கள் வாழும் இடத்தில் விழுந்தவை மட்டும் நினைவில் நிற்கின்றன. பிள்ளைகளையே 11-ஆம் தேதிக்கு ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அதற்கும் "தோஷம்" கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்ணாடியிழை

தைவான் நிகழ்வைப் பட்டியல்களில் "இணையம் நின்றது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். 2006 டிசம்பர் 26 உள்ளூர் மணி இரவு 8.26, அளவு 7.0. எட்டு நிமிடத்தில் இன்னொன்று. ஆனால் கேபிள்களை அறுத்தது நில அதிர்வு நேரடியாக அல்ல. சரிவிலிருந்த சேறு கலங்கி, கடலடிப் பள்ளத்தாக்கு வழியே வெள்ளமாக ஓடியது. வழியில் கிடந்த கேபிள்களை ஒவ்வொன்றாக இழுத்து அறுத்தது. அதனால் எல்லாம் ஒரே நொடியில் போகவில்லை. ஒன்பது கேபிள்கள், பழுதுபார்க்க 11 கப்பல்கள், 49 நாட்கள்.

அத்தனை நாள் ஏன் என்று கேட்பார்கள். ஆழ்கடலில் கேபிள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் பருமன்தான், கவசக் கம்பி கரையருகே மட்டும். முதலில் எங்கே அறுந்தது என்று பார்க்க ஒளித்துடிப்பு அனுப்பி எதிரொளிக்குக் காத்திருப்பார்கள். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போய்வர ஒரு மில்லி நொடி என்றால் அறுபட்ட இடம் 100 கி.மீ. தூரத்தில். சாதாரணக் கருவி வழியில் வரும் முதலாவது ரிப்பீட்டர் (ஒளியைப் பெருக்கி அனுப்பும் கருவி) வரைதான் காட்டும், அதற்கப்பால் வேறு வகைக் கருவி வேண்டும். பிறகு கப்பல் கொக்கியைத் தரையில் இழுத்துக்கொண்டே போய் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, மிதவையில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தேடும். 4,000 மீட்டர் ஆழத்தில் கேபிளுக்குத் தளர்ச்சி கிடையாது. இரண்டு முனையும் மேலே வந்து சேர வேண்டுமென்றால் நடுவில் பல கி.மீ. புதுக் கேபிள் ஒட்ட வேண்டும். முடி போன்ற இழைகளை ஆடும் கப்பலில் உருக்கி ஒட்ட ஒவ்வோர் இணைப்புக்கும் பல மணி நேரம். தைவானில் சேறு மூடியும் இழுத்துப் போயும் விட்டதால் முனையைத் தேடுவதே பெரும்பாடு.

பழைய பஞ்சாங்கம்

நாட்காட்டி மாறியதால் வரும் பிழை வேறு வகை. ரஷ்யாவில் ஜார் ஆட்சிக்கு எதிராக எழுந்த திசம்பரியர் கிளர்ச்சி 1825 டிசம்பர் 14 என்று அவர்கள் பதிவில் இருக்கும். நம் நாட்காட்டிக்கு 12 நாள் கூட்டினால் 26. இங்கே பலர் 13 கூட்டி 27 என்று போடுகிறார்கள். அக்டோபர் புரட்சிக்குக் கூட்டிய பழக்கம் அது. 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 20-ஆம் நூற்றாண்டுக்கு 13. 1900-ஐ பழைய நாட்காட்டி லீப் ஆண்டாகக் கொண்டது, புதியது கொள்ளவில்லை. அந்த ஒரு நாள்தான் வித்தியாசம்.

சோவியத் கலைப்பும் இப்படித்தான். கோர்பச்சேவ் விலகியதும் செங்கொடி இறங்கியதும் 1991 டிசம்பர் 25 மாலை. மேலவை கூடிக் கலைப்பை அறிவித்தது 26. இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று வினைச்சொல்லிலேயே தெரிய வேண்டும். ரேடியத்துக்கும் அப்படி. 1898 டிசம்பர் 26-இல் நடந்தது பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிவிப்பு. உலோகமாகத் தனியே பிரித்தது 1910. "ரேடியம் பிரித்தெடுக்கப்பட்ட நாள்" என்று எழுதினால் 12 ஆண்டு பிசகு.

1925-க்கு வருவோம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தன் தொடக்க நாளாகக் கொள்வது டிசம்பர் 26, கான்பூர் மாநாடு. தலைமை தாங்கியவர் நம் சிங்காரவேலர். மார்க்சிஸ்ட் கட்சியோ 1920 அக்டோபர் 17, தாஷ்கண்ட் என்கிறது. யார் கணக்கு என்று சேர்த்து எழுதாவிட்டால் கீழே சண்டைதான் நடக்கும். அதே 1925 டிசம்பர் 26-இல்தான் நல்லகண்ணு பிறந்தார். இதைச் சண்டையில்லாமல் போடலாம்.

சுனாமி நாள் தமிழ் நாட்காட்டியில் தாரண ஆண்டு மார்கழி 11, ஞாயிறு, பௌர்ணமி. இலங்கையில் அது போயா விடுமுறை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூட்டம். திதி பார்த்துச் செய்யும் வீடுகளில் திவசம் டிசம்பர் 26-இல் வராது, மார்கழிப் பௌர்ணமியில் வரும். கடலில் பால் ஊற்றி அஞ்சலி செய்வது 26-இல். இரண்டும் ஒரே நாளில் சேர்வது எப்போதாவதுதான்.

மட்டையடி

கனமான பட்டியலுக்கு நடுவே கொஞ்சம் கிரிக்கெட். மெல்போர்ன் டெஸ்ட் பல ஆண்டுகளாக இந்த நாளில்தான் தொடங்குகிறது. 1995: நடுவர் டேரல் ஹேர் முரளிதரனின் பந்தை எறிதல் என்று ஏழு முறை நோ-பால் சொன்னார். பின்னால் முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று விதி வந்தது. 2003: சேவாக் 195. 2006: வார்னேயின் 700-ஆவது விக்கெட், ஸ்ட்ராஸ் போல்டு. சேவாக்கின் இன்னிங்ஸும் பாம் நிலநடுக்கமும் ஒரே தேதி என்று யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒரு எச்சரிக்கை: ஆட்டம் ஐந்து நாள். "டிசம்பர் 26-இல் வென்றது" என்று எழுதினால் அது தொடங்கிய தேதியாக இருக்கும்.

நாட்குறிப்புக்காரன்

கிரகணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே? "அடுத்து இதே தேதியில் எப்போது" என்று பண்பலையில் கேட்பார்கள்.

பழைய பஞ்சாங்கம்

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம். கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கடலைத் தாண்டி யாழ்ப்பாணம். வளையம் தெரிந்தது காலை ஒன்பதரையை ஒட்டி. சென்னையில் வளையம் தெரியவில்லை, பகுதிதான். "தமிழகம் முழுவதும் வளையம்" என்று எழுதுவது தவறு.

அடுத்ததற்கு இரண்டு கணக்கு உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது. அதே குடும்பக் கிரகணம் 18 ஆண்டு 11 நாள் சுற்றில் வரும் (இடையே லீப் ஆண்டு ஐந்து வந்தால் 10 நாள்). 2001 டிசம்பர் 14, 2019 டிசம்பர் 26, 2038 ஜனவரி 5. தேதி தள்ளிக்கொண்டே போகும். அதே தேதியில் அமாவாசை திரும்புவது 19 ஆண்டுச் சுற்றில். அதன்படி 2000 டிசம்பர் 25 பகுதி கிரகணம், 2019 டிசம்பர் 26, அடுத்து 2038 டிசம்பர் 26. அது முழு கிரகணம், பாதை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்.