எஸ்355-க்கு மாற்றியும் உத்திரத்தின் தொய்வு குறையவில்லை, ஏன்?

தூண்விட்டம்:
6 மீட்டர் நீள ஐ-வடிவ எஃகு உத்திரம். இரு முனைகளும் வெறுமனே தாங்கப்பட்டவை (பிணைக்கப்படாததால் சுழல முடியும்). பயன்பாட்டுச் சுமையில் 21 மி.மீ. தொய்கிறது. எனக்குள்ள வரம்பு நீளத்தில் 360-இல் ஒரு பங்கு, அதாவது 16.7 மி.மீ. எஃகின் தரத்தை எஸ்275-இலிருந்து அதைவிட வலிமையான எஸ்355 ஆக மாற்றிப் பார்த்தேன். வலிமைக் கணக்கில் தாராளமாகத் தேறுகிறது. தொய்வு மட்டும் அதே 21! மென்பொருளில் வேறு எதையாவது மாற்ற வேண்டுமா?

சுமைக்கணக்கு:
மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. தொய்வுச் சூத்திரத்தில் ஈல்டு வலிமைக்கு (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்; தரப்பெயரில் உள்ள எண் அதுதான், மெகாபாஸ்கலில்) இடமே இல்லை. சுமை, நீளம், யங் குணகம் (பொருளின் விறைப்பு), குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன் (வெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பதன் அளவு), இவ்வளவுதான். யங் குணகம் இரண்டு தரங்களுக்கும் ஏறத்தாழ 2,10,000 மெகாபாஸ்கல். அது இரும்பு அணுக்களின் பிணைப்பிலிருந்து வருவது. மாங்கனீசு, நயோபியம் சேர்த்தாலும், படிகமணிகளை நுணுக்கினாலும் ஈல்டு ஏறும், விறைப்பு அசையாது.

உங்களுக்குத் தேவை 21-ஐ 16.7-ஆல் வகுத்தால் வருவது: நிலைமத் திருப்புத்திறன் சுமார் 26 சதவீதம் கூட வேண்டும். எடையைக் கூட்டாமல் உயரத்தை 12 சதவீத அளவுக்கு உயர்த்தினாலே ஏறக்குறைய அது கிடைத்துவிடும். எஸ்275-லேயே உயரமான வெட்டைத் தேடுங்கள். வலிமை மிஞ்சுகிறதே என்று எஸ்355-இல் மெலிந்த வெட்டுக்குப் போய்விடாதீர்கள், தொய்வு இன்னும் மோசமாகும்.

தூண்விட்டம்:
மிக்க நன்றி ஐயா. கூரை உயரம் இடம் தராததால் முனைகளை விறைப்பாக இணைக்கலாமா?

சுமைக்கணக்கு:
சீரான சுமையில், முழுதாகப் பிணைத்த உத்திரத்தின் தொய்வு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நிஜ இணைப்பு எதுவும் அவ்வளவு விறைப்பாக இருக்காது. முனையில் எழும் வளைவுத் திருப்புமையைத் தூணும் போல்ட்டுகளும் தாங்கியாக வேண்டும். தூண்களை மீண்டும் கணக்கிடாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

பற்றவைப்பு:
எஸ்355-ஐயே வைத்துக்கொள்வதானால் விளிம்புத் தகட்டின் (ஐ-வடிவத்தின் மேல், கீழ்த் தகடுகள்) தடிமனைப் பாருங்கள். 355 என்பது 16 மி.மீ. வரைதான். இஎன் 10025-2 என்ற ஐரோப்பிய எஃகுத் தரநிலைப்படி அதற்கு மேல் 40 மி.மீ. வரை 345, பிறகு 63 வரை 335. எஃகுக் கட்டமைப்புக்கான ஐரோப்பிய வடிவமைப்பு விதியான யூரோகோட் 3-இன் எளிய அட்டவணை 40 வரை 355 என்றே விடுகிறது. சில நாடுகளின் தேசிய இணைப்பு (யூரோகோடுடன் அந்த நாடு சேர்க்கும் விதிகள்) அதை ஏற்பதில்லை.

தூண்விட்டம்:
விளிம்பு 20 மி.மீ. ஆலைச் சான்றிதழில் ஈல்டு 392 என்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளலாமா?

பற்றவைப்பு:
கூடாது. அது சோதித்த துண்டின் அளவீடு. தரநிலை உறுதி தருவது குறைந்தபட்ச மதிப்புக்கு மட்டுமே. சான்றிதழில் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: பற்றவைப்பதற்குக் கார்பன் சமான மதிப்பு (எஃகு எவ்வளவு எளிதாகப் பற்றவைக்க வரும் என்று காட்டும் எண்), குளிர் படும் இடமானால் துணைத்தரம் (குளிரில் மோதலைத் தாங்கும் திறனின் குறி). ஜேஆர் என்றால் 20 டிகிரி செல்சியஸில் 27 ஜூல் மோதல் ஆற்றல். ஜே2 என்றால் அதே 27 ஜூல், மைனஸ் 20 டிகிரியில்.