கோவை – ஸ்பிதி – சந்திரதால்: ஜிம்னியில் நாலு பேர், 16 நாள். திட்டம் சரியாங்களா?

கொங்குச்சக்கரம்

வணக்கமுங்க. வண்டி மாருதி ஜிம்னி, மேனுவல், 22,000 கி.மீ ஓடியிருக்கு. டயர் எல்லாம் கம்பெனியில வந்த எச்.டி-தான் (ஹைவேக்கான டயர்). ஹிமாச்சல்ல இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு ஜூலை 3-வது வாரம் கிளம்பலாம்னு இருக்கோம். கோவை, பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, மணாலி. அங்கிருந்து நேரா சந்திரதால் ஏரி, அப்புறம் காஜா, கல்பா, சிம்லா வழியா ரிட்டர்ன். நாலு பேர். மேலே ரூஃப் கேரியர் போட்டு பைகளையும் 20 லிட்டர் பெட்ரோல் கேன் ரெண்டையும் வெக்கலாம்னு யோசனை.

கேள்விகள்:
லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தற செட்), ஸ்நார்க்கல் (இன்ஜினுக்குக் காத்து எடுக்கற உயரமான குழாய்) போடணுங்களா?
எச்.டி டயரே போதுமா, ஏ.டி (கரடுமுரடு ரோட்டுக்கும் தாங்கற டயர்) மாத்தணுமா?
பெட்ரோல் எங்கெங்கே கிடைக்கும்?
நமக்கு பெர்மிட் ஏதாவது வேணுமா?
16 நாள் போதுமா?

மைல்கல்44

லிஃப்ட் கிட்டை விடுங்க. முதல்ல மூணு விஷயத்தை மாத்தணும்: மாசம், திசை, நாள் கணக்கு.

மாசம்: ஜூலை வேண்டாம். ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம், ஆனா அங்கே போற ரெண்டு வழியும் அப்படி இல்லை. சிம்லா வழியில வர்ற கின்னௌர் பக்கம் பருவமழையில மலை இறங்கும். 2021 ஆகஸ்ட்ல நிகுல்சாரியில மண் சரிஞ்சு அரசுப் பஸ்ஸே புதைஞ்ச ரோடு அது. மணாலி பக்கம் மழையோட பனியாறு உருகுற தண்ணியும் சேர்ந்து வரும். 2023 ஜூலையில சந்திரதால் கூடாரங்கள்ல நூத்துக்கணக்கான பேர் பனியில நாள்கணக்கா மாட்டினாங்க. செப்டம்பர் 10-க்கு மேல கிளம்புங்க. அக்டோபர் ஆரம்பிச்சிட்டா சந்திரதால் கூடாரங்களைப் பிரிக்க ஆரம்பிச்சிடுவாங்க, ஸ்பிதிக்கும் மணாலிப் பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற குன்ஜும் கணவாயும் எந்த நாள் வேணா பனியில மூடும்.

திசை: மணாலி 2,050 மீட்டர், சந்திரதால் சுமார் 4,250. ஒரே பகல்ல 2,200 மீட்டர் ஏறிப் போய் அன்னிக்கே அங்கே படுக்கப் போறீங்க. பாதிப் பேருக்கு மண்டை இடிக்கும், ஒருத்தருக்கு நிலைமை மோசமானா அந்த ராத்திரியில கீழே இறக்க ரோடே சரியில்லை. சிம்லா பக்கமா ஏறி மணாலி பக்கமா இறங்குங்க.

நாள் கணக்கு: கோவையில அதிகாலை கிளம்பினா ஓசூர்–பெங்களூரு நெரிசல் நேரத்துல போய் நிப்பீங்க. முந்தின நாள் சாயந்திரமே ஓசூர் வந்து படுத்துட்டு காலை 5 மணிக்கு எடுங்க. அப்புறம்:

1: ஓசூர் – மேட்சல் (ஹைதராபாத் ஊருக்குள்ளே நுழையாம அவுட்டர் ரிங் ரோட்ல சுத்தி வடக்கே வந்துடுங்க)
2: மேட்சல் – சிவனி. நாக்பூர் தாண்டி பெஞ்ச் காட்டுப் பகுதி வரும். இருட்டறதுக்கு முன்னே கடந்துடுங்க.
3: சிவனி – குவாலியர், லக்னாதோன், சாகர், ஜான்சி வழி
4: குவாலியர் – அம்பாலா. ஆக்ரா, யமுனா எக்ஸ்பிரஸ்வே, அங்கிருந்து ஈஸ்டர்ன் பெரிஃபெரல்ல ஏறி குண்ட்லியில இறங்கினா டெல்லிக்குள்ளே கால் வைக்கவே வேண்டாம்.
5: நார்கண்டா (2,700 மீ)
6: கல்பா (2,960)
7: தாபோ (3,280)
8, 9: காஜா (3,650)
10: சந்திரதால்
11: மணாலி
12: அம்பாலா

முதல் நாலு நாளும் ஏறக்குறைய 600 கி.மீ. திரும்ப அதே நாலு நாள், கூட ஓசூர்–கோவை. மொத்தம் 17. இதுல ஒரு நாள்கூட உபரி கிடையாது. ரோடு மூடறது அங்கே சகஜம், அதனால 2 நாள் கையில வெச்சு 19-னு போடுங்க. 16 நாள்தான்னா ஸ்பிதியை விட்டுட்டு கல்பா, சிட்குல் வரைக்கும் போய்ட்டு வர்றது மேல்.

பெர்மிட்: இந்தியர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் தேவையில்லை. அடல் டனல் வழியா வந்தா ரோத்தாங் பெர்மிட்டும் வேண்டாம், கணவாய் மேலே ஏறினாத்தான் வேணும். ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணும் ஒரிஜினலா இருக்கட்டும். பர்வானூல நுழைவுக் கட்டணம், மணாலியில கிரீன் டேக்ஸ் உண்டு.

பட்டறைக்காரர்

தம்பி, யாரும் எடையைப் பத்திப் பேசலையே. அதுதான் உங்க திட்டத்துல பெரிய ஓட்டை.

ஜிம்னியோட மொத்த அனுமதி எடை 1,545 கிலோ. வெறும் வண்டி சுமார் 1,200. மிச்சம் 345 கிலோதான். ஆள் ஒண்ணுக்கு 75-னு வெச்சா நாலு பேர் 300. ரெண்டு கேன் பெட்ரோலோட 40 கிலோ கிட்ட வரும். கேரியர் 20. ஒரு பை ஏத்தறதுக்கு முன்னாடியே 360 ஆச்சு. பைகளும் கேனும் ரூஃப் மேலே போனா, கொண்டை ஊசி வளைவுலயும் பக்கச் சரிவுலயும் வண்டி ஆடும் பாருங்க, ஓட்டறவருக்கு வயித்தைக் கலக்கும்.

இதுக்கு மேலே உயரம். டர்போ இல்லாத இன்ஜின். 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் இழுவை குறையும். குன்ஜும் 4,551 மீட்டர். அங்கே உங்க 1.5 லிட்டர் இன்ஜின் 900 சிசி மாதிரிதான் இழுக்கும். ஓவர்லோடோட ஏத்தத்துல நின்னு எடுத்தா ஆளுங்க கிளச்சைப் பாதி மிதிச்சே இழுப்பாங்க. நாலஞ்சு தடவை அப்படிச் செஞ்சா கிளச் பிளேட் கருகும். பழைய பேப்பரைக் கொளுத்தின மாதிரி நெடி வந்தா உடனே நிறுத்தி கால் மணி நேரம் ஆற விடுங்க. காஜாவுல ஜிம்னி கிளச் செட் கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க.

மூணு பேர் போங்க. கேரியர் வேண்டாம், பின் சீட்ல பாதியை மடக்கிப் பையைக் கீழேயே கட்டுங்க. லிஃப்ட் கிட், ஸ்நார்க்கல் ரெண்டும் தேவையில்லை. 210 மி.மீ கிளியரன்ஸ், ரிஜிட் ஆக்சில், 4எல் (நாலு சக்கரமும் இழுக்கற லோ கியர்) எல்லாம் கம்பெனியே கொடுத்திருக்கு. லிஃப்ட் போட்டா ஆக்சில் கோணம் மாறி, 100-ல ஸ்டியரிங் உதறல் ஆரம்பிக்கும். அதோட 5,000 கி.மீ ஓட்டுறது ரோதனை.

கிளம்பறதுக்கு 3 வாரம் முன்னாடி பட்டறையில பாக்க வேண்டியது:

கூலன்ட். நம்ம ஊர்ல குறைஞ்சா பச்சைத்தண்ணியை ஊத்திடறாங்க. அது நீர்த்துப் போயிருந்தா சந்திரதால்ல செப்டம்பர் ராத்திரி உறையும். முழுசா வடிச்சிட்டு 50:50 ஊத்துங்க. வைப்பர் டேங்க்லயும் வெறும் தண்ணி வேண்டாம்.

பிரேக் ஆயில் 2 வருஷம் தாண்டியிருந்தா மாத்துங்க. டாட் 4 புதுசா இருந்தா கொதிநிலை 230 டிகிரி. ஈரம் இழுத்துட்டா 155 வரைக்கும் இறங்கிடும். நீளமான இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போறதுக்குக் காரணம் அதுதான். பின்னாடி டிரம் பிரேக், அதைக் கழற்றி தூசி எடுத்து அட்ஜஸ்ட் பண்ணுங்க.

முன்னாடி, பின்னாடி டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் லெவல். வீல் பேரிங் ஆட்டம். ஏர் ஃபில்டர் புதுசு ஒண்ணு, கையில ஒண்ணு. ஃபேன் பெல்ட், ஃபியூஸ் செட், ஹெட்லைட் பல்பு.

வேலையெல்லாம் முடிஞ்சதும் அதே சுமையோட 500 கி.மீ ஓட்டிப் பாருங்க. கழற்றி மாட்டின இடத்துல கசிவு இருந்தா அதுல தெரிஞ்சிடும்.

கொங்குச்சக்கரம்

எடைக் கணக்கைப் பார்த்ததும் ஆடிப் போயிட்டேனுங்க. ஒருத்தரு ஏற்கெனவே லீவு கிடைக்காதுன்னுட்டாரு, அதனால மூணு பேர்தான். செப்டம்பர் 12-ன்னு மாத்தியாச்சு. 19 நாளுக்கு லீவும் சொல்லியாச்சு. டயரும் பெட்ரோலும் இன்னும் குழப்பமா இருக்கு. கேன் வேண்டவே வேண்டாமுங்களா?

நீலமலை4எல்

பெட்ரோல் கணக்கை நீங்களே போடலாம். ரெக்காங் பியோவுக்குக் கீழே பவாரியில டேங்கை நிரப்பினா காஜா சுமார் 200 கி.மீ. காஜாவுல பங்க் இருக்கு. அங்கிருந்து சந்திரதால் போய் மணாலி இறங்க ஏறக்குறைய 230 கி.மீ. மோசமான ரோட்ல 8 கி.மீ கொடுத்தாலும் 29 லிட்டர். உங்க டேங்க் 40. காஜாவுக்கு மேலே இருக்கிற லாங்சா, ஹிக்கிம், கோமிக் ஊர்களைச் சுத்திட்டு வந்து, கிளம்பற அன்னிக்குக் காலையில மறுபடி ஃபுல் பண்ணணும், அவ்வளவுதான். பங்க்ல சரக்கு தீர்ந்து லாரிக்குக் காத்திருக்கிற நாளும் உண்டு. அதுக்காக 10 லிட்டர் இரும்புக் கேன் ஒண்ணு போதும். பிளாஸ்டிக் கேன்ல பல பங்க்ல ஊத்த மாட்டாங்க. கேனை விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க. உயரம் ஏற ஏற வெளி அழுத்தம் குறைஞ்சு, உள்ளே இருக்கிற ஆவி விரிஞ்சு மூடியில கசியும், வண்டிக்குள்ளே வெச்சிருந்தா அந்த வாடையே தலைவலி. பியோவுல நிரப்பி, காஜா போனதும் டேங்க்ல ஊத்திட்டு, அங்கே தேவைன்னா மட்டும் மறுபடி நிரப்புங்க. கையில ரொக்கம் இருக்கட்டும், நெட்வொர்க் போனா யு.பி.ஐ ஓடாது.

டயர்: எச்.டி போதும், ஆனா பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடு) 5 மி.மீ-க்குக் குறையாம இருக்கணும். குன்ஜும் தாண்டி மணாலி பக்கம், பாத்தல்ல இருந்து கிராம்ஃபூ வரைக்கும் கூர்க்கல்லுதான். அங்கே டயர் போறது பட்டன்ல இல்லை, பக்கச்சுவர்ல. பக்கச்சுவர் கிழிஞ்சா பஞ்சர் குச்சி நிக்காது. அதுக்கு 195/80 ஆர்15 அளவுக்கு டியூப் ஒண்ணு எடுத்துக்கங்க. கிழிசலுக்கு உள்பக்கம் பழைய டயர் துண்டு ஒண்ணை வெச்சு, டியூப் போட்டு, மெதுவா ஊர் வந்து சேரலாம். ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு நாக்பூர்லயே ஒரு தடவை பாருங்க, கடைசி வரைக்கும் யாரும் பாக்கறதில்லை.

காத்து: மேலே போனா டயர் உப்பும், 6 பி.எஸ்.ஐ இறக்குன்னு சொல்வாங்க. அது பாதி உண்மை. வெளி அழுத்தம் குறையறதால கேஜ்ல சுமார் 6 கூடும், ஆனா குளிர் 3, 4 குறைச்சிடும். சண்டிகர்ல 30 டிகிரி வெயில்ல 30 வெச்சா, குன்ஜும்ல 5 டிகிரி காலையில கேஜ் 32 காட்டும். பயந்து இறக்க வேண்டாம். கல் ரோட்டுக்காக 24, 25-க்கு இறக்கலாம், அதுக்குக் கீழே போனா சுவர் பிதுங்கி கல்லுல மாட்டும். தார் ரோடு வந்ததும் திரும்ப நிரப்பணும். கம்ப்ரஸர் பேட்டரியில கிளிப் மாட்டற மாதிரி வாங்குங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுற பெரிய மாடல் ஃபியூஸைத் தின்னும்.

பட்டறைக்காரர்

டயர்ல எனக்கு வேற கருத்து. 22,000 ஓடின எச்.டி, போக வர 5,500 கி.மீ-க்கு மேலே ஓடணும். புது ஏ.டி போட்டா ஹைவேல சத்தம் வரும், மைலேஜ் ஒண்ணு குறையும், ஆனா பக்கச்சுவர் தடிமன். பணம் இருந்தா மாத்தலாம். ஆனா பெரிய சைஸ் மட்டும் போடாதீங்க, இருக்கிற இழுவையும் போயிடும்.

நீலமலை4எல்

சரி, அது பர்ஸைப் பொறுத்தது. ஓட்டறதைப் பத்தி ரெண்டு வார்த்தை.

காய்ஞ்ச தார் ரோட்ல 4எச் (நாலு சக்கரமும் இழுக்கற ஹை கியர்) போடாதீங்க. ஜிம்னியில சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது, வளைவுல முன்னும் பின்னும் வேற வேற வேகத்துல சுத்த முடியாம ஸ்டியரிங் இறுகும், டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். மண், ஜல்லி, பனி வந்தா 4எச். நின்னு எடுக்கற செங்குத்து ஏத்தம், நாலா (ரோட்டுக்குக் குறுக்கே ஓடற ஓடை), கரடுமுரடு இறக்கம்னா வண்டியை நிறுத்தி, கிளச்சை முழுசா மிதிச்சு, 4எல். குன்ஜும்ல இருந்து பாத்தல் இறங்கும்போது 4எல் ரெண்டாவது கியர்ல விட்டா பிரேக்குக்கு வேலையே இருக்காது.

நாலா: அதே பாத்தல்–கிராம்ஃபூ ரோட்ல சத்ரு, சோட்டா தர்ரா பக்கம் பனியாத்துத் தண்ணி ரோட்டுக்கு மேலேயே ஓடும். வெயில் ஏற ஏற உருகி, மதியத்துக்கு மேலே ரெண்டு மடங்கு வேகம். காலை 10-க்குள்ளே கடந்துடணும், அதனால சந்திரதால்ல 6:30-க்குக் கிளம்பணும். இறங்கறதுக்கு முன்னே நிறுத்தி, எதிர்ல வர்ற வண்டி எந்தத் தடத்துல ஏறுது, தண்ணி சக்கரத்துல எதுவரைக்கும் வருதுன்னு பாருங்க. உங்க சக்கரத்தோட நடு தரையில இருந்து 34 செ.மீ. அதுக்கு மேலே தண்ணின்னா காத்திருங்க. இறங்கினா 4எல் முதல் கியர், ஒரே சீரான வேகம், நடுவுல கியர் மாத்தாதீங்க, கிளச் மிதிக்காதீங்க. தண்ணிக்குள்ளே இன்ஜின் நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவே கூடாது. உள்ளே தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளையும். கயிறு கட்டி இழுக்கச் சொல்லுங்க. மணாலி வந்ததும் டிஃபரென்ஷியல் ஆயிலைப் பாருங்க, பால் கலந்த டீ நிறத்துல இருந்தா உடனே மாத்தணும்.

பனிப்பாதை

உடம்பைப் பத்தி யாரும் சொல்லலைங்கிறதால: மைல்கல் அண்ணன் போட்ட வரிசையில தாபோ நல்ல தேர்வு. நாகோ 3,660, அங்கே மதியம் டீ குடிச்சிட்டு இறங்கித் தாபோவுல படுத்தா தூக்கம் நல்லா வரும். காஜாவுல ரெண்டாவது நாள் கோமிக் (4,587) போய்ட்டுக் கீழே வந்து படுக்கறதும் பழக்கத்துக்கு உதவும்.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வழக்கமா 125 மி.கி, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறறதுக்கு முந்தின நாள்ல இருந்து. சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்களுக்கு ஆகாது, பி.பி, சுகர், கிட்னிப் பிரச்சினை இருந்தா டாக்டர் சொல்லாம தொடாதீங்க. சிறுநீர் அதிகம் போகும், விரல் நுனி சுருசுருங்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம்.

தலைவலி, பசியின்மைன்னா அதே உயரத்துல தங்கணும், மேலே ஏறக்கூடாது. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, வறட்டு இருமல், நேர்க்கோட்டுல நடக்கச் சொன்னா தள்ளாடறாருன்னா, ராத்திரியா இருந்தாலும் இறக்கிடணும். ஆக்சிஜன் சிலிண்டர் கைக்காவல்தான், அதை நம்பி மேலேயே உக்காரக் கூடாது. சந்திரதால்ல இருந்து எந்தப் பக்கமும் கீழே போறது கஷ்டம், அதனால காஜாவுல யாருக்காவது லேசா தலைவலி மிச்சம் இருந்தாலும் அங்கே தங்கறதை ஒரு நாள் தள்ளிப் போடுங்க. ஏரிக்கரையில கூடாரம் போட அனுமதி இல்லை, கூடாரங்கள் ஏரிக்குக் கொஞ்சம் முன்னாடியே. அதனால ராத்திரி ஏரியைப் பார்க்கறேன்னு நடக்காதீங்க.

கொங்குச்சக்கரம்

மூணு பேர், கேரியர் இல்லை, 10 லிட்டர் கேன், கம்ப்ரஸர், டியூப், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் எழுதிட்டேன். ஏ.டி டயருக்கு விலை கேக்கறேன். ஒரே சந்தேகம்: 10-வது நாள் குன்ஜும் மூடிட்டா என்ன பண்றதுங்க? போன்ல தகவல் தெரியுமா?

மைல்கல்44

லாஹௌல்-ஸ்பிதி மாவட்டப் போலீஸ் தினமும் ரோடு நிலவரத்தைச் சமூக வலைதளத்துல போடறாங்க, காஜாவுல 9-வது நாள் ராத்திரி அதைப் பாருங்க. பி.எஸ்.என்.எல், ஜியோ ரெண்டும் காஜாவுல எடுக்கும். ஹிமாச்சல்ல நம்ம ப்ரீபெய்டு சிம்மே வேலை செய்யும், லடாக்ல மாதிரி சிக்கல் இல்லை. குன்ஜுமுக்கு முன்னாடி வர்ற லோசர் ஊரைத் தாண்டினா கிராம்ஃபூ வரைக்கும் சிக்னலை எதிர்பார்க்காதீங்க, வீட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

மூடியிருந்தா ஒரு நாள் காஜாவுல காத்திருங்க. மறுநாளும் திறக்கலைன்னா வந்த வழியே திரும்பிடணும்: காஜா – பியோ, பியோ – சிம்லா, மூணாவது நாள் மதியம் அம்பாலா. மணாலி வழியும் மூணு நாள்தான், அதனால கூடறது காத்திருந்த ஒரு நாள் மட்டும்தான். உங்க ரெண்டு உபரி நாள்ல ஒண்ணு மிச்சம் இருக்கும். அதுக்கு மேலேயும் பார்க்கலாம்னு இன்னும் ரெண்டு நாள் தங்கிட்டீங்கன்னா அப்புறம் அம்பாலா–ஓசூரை மூணு நாள்ல ஓட்ட வேண்டி வரும், அதைச் செய்யாதீங்க.