ஸ்டாண்ட் மிக்ஸரில் பிரெட் மாவு கொக்கி மேல் ஏறிக்கொள்கிறது, கிண்ணத்தை விட்டு வரவே மாட்டேன் என்கிறது

அடுப்படி_திருநகர்:

வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறேன். வீட்டில் 5 லிட்டர் கிண்ணம் உள்ள ஸ்டாண்ட் மிக்ஸர் இருக்கிறது. தலைப் பகுதியைப் பின்னால் சாய்த்துத் தூக்கும் வகை, 1000 வாட். கேக் மாவும் கிரீமும் அருமையாக அடிக்கிறது. பிரெட் மாவு என்று வந்தால் மட்டும் படுத்துகிறது.

அளவு: மைதா 500 கிராம், தண்ணீர் 350 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 9, சர்க்கரை 25, வெண்ணெய் 30. எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டு டோ ஹூக்கை (மாவு பிசையும் கொக்கி) மாட்டி ஓட்டுகிறேன். முதல் ஐந்தாறு நிமிடம் மாவு திரண்டு வருகிற மாதிரி இருக்கும். அப்புறம் தளர்ந்து, பளபளவென்று கொழகொழத்து, கிண்ணத்தின் அடியில் அப்பிக்கொள்ளும். பாதி மாவு கொக்கி மேல் ஏறி, மேலே இருக்கும் வளையம் வரைக்கும் போய்விடுகிறது. இன்னும் பிசைந்தால் சரியாகிவிடும் என்று விட்டால் நிலைமை இன்னும் மோசம். மிக்ஸரின் தலை கை வைக்க முடியாத சூடு, லேசாகக் கருகல் வாசனை வேறு. பிரெட் அவனில் நன்றாக எழும்பிவிட்டு, வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிவிடுகிறது. ஈஸ்ட் நெடியும் தூக்கல். இதே அளவில் மார்கழியில் செய்தபோது இவ்வளவு தொல்லை இல்லை.

மிஷின் போதவில்லையா, கொக்கி சரியில்லையா? வீட்டில் பெரிய மிஷினாக வாங்கிவிடலாம் என்கிறார்கள். அதற்கு முன் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

வைகைக்கரை:

ஒட்டினால் இன்னும் இரண்டு கை மைதாவைத் தூவுங்கள். கிண்ணத்தை விட்டு வருகிற வரைக்கும் போட வேண்டியதுதான். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

மேலூர்க்காரன்:

அக்கா, 500 கிராம் என்பது தராசில் நிறுத்ததா, கப்பில் அளந்ததா? கப் என்றால் அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரு கப்புக்கு 20, 30 கிராம் வித்தியாசம் வரும்.

அடுப்படி_திருநகர்:

தராசுதான் தம்பி. தண்ணீரையும் தராசில்தான் வைக்கிறேன். மைதா சாதாரணக் கடை பாக்கெட். புரதம் 100 கிராமுக்கு 10 கிராம் என்று போட்டிருக்கிறது.

பழைய_பேக்கரிக்காரர்:

அம்மா, மிஷின் வாங்க வேண்டாம். மைதாவும் தூவ வேண்டாம். தூவினால் கிண்ணத்தை விட்டு வரும், ஆனால் மறுநாள் பிரெட்டால் ஆணி அடிக்கலாம்.

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. மார்கழியில் வந்தது, இப்போது வரவில்லை. மிஷின் அதேதான், கொக்கி அதேதான், மாறியது வெயில். கத்திரி வெயிலில் மதியம் அடுப்படி 35 டிகிரிக்குக் குறைந்து இருக்காது. டப்பாவில் இருக்கும் மைதாவும் அதே சூட்டில் இருக்கும். மாடித் தொட்டித் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கு மேல் கொக்கி மாவை இழுத்துத் தேய்க்கிற உராய்வு வேறு சூடு ஏற்றும். வீட்டு மிக்ஸரில் பத்து நிமிடத்தில் தாராளமாகப் பத்து டிகிரி ஏறும்.

பிசைந்து முடித்த மாவு 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. உங்களுடையது 36-ஐத் தாண்டியிருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். அந்தச் சூட்டில் மாவு தளரும், வெண்ணெய் உருகிக் கசியும், ஈஸ்ட் பிசையும்போதே வேலையைத் தொடங்கிவிடும். முதலில் திரண்டு, பிறகு பளபளத்துக் கொழகொழத்தது என்றீர்களே, அது ஜவ்வு (மைதாவின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து கட்டும் குளூட்டன் வலை) கட்டி முடித்து அறுந்துகொண்டிருப்பதன் அடையாளம். 10 சதவீதப் புரத மைதாவில் ஜவ்வுக்கு அவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. அறுந்ததை எவ்வளவு பிசைந்தாலும் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. கொக்கி மேல் ஏறுவதும் பெரும்பாலும் இந்தத் தளர்ச்சியால்தான்.

அடுத்தது தண்ணீர். 500-க்கு 350 என்றால் 70 சதவீதம். வெளிநாட்டுக் குறிப்புகளில் அது சரியாக வரும். அங்கே பிரெட்டுக்கு என்றே 12, 13 சதவீதப் புரதம் உள்ள மாவு கிடைக்கிறது, அது அதிகத் தண்ணீரைக் குடிக்கும். நம் மைதாவுக்கு 60 சதவீதத்தில் தொடங்குங்கள். அதாவது 300. வேண்டுமானால் அப்புறம் ஸ்பூன் கணக்கில் சேர்க்கலாம்.

தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்கு பேக்கரியில் ஒரு கணக்கு உண்டு. வேண்டிய மாவுச் சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறைச் சூடு, மைதாச் சூடு, உராய்வுச் சூடு மூன்றையும் கழிக்க வேண்டும். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அறை 35, மைதா 34, உராய்வு 10, கூட்டினால் 79. மீதி மைனஸ் 1. அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் ஏது? அதனால்தான் ஐஸ். குழாய்த் தண்ணீர் 32 டிகிரி என்றால், உங்கள் 300-ல் 90 கிராம் ஐஸ், 210 தண்ணீர். ஐஸை மிக்ஸியில் நொறுக்கிப் போடுங்கள். கட்டியாகப் போட்டால் மாவுக்குள் கல் மாதிரி உருண்டுகொண்டிருக்கும்.

ஐஸ் தொல்லை வேண்டாம் என்றால் மைதாவை மூடிய டப்பாவில் முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மைதா 10 டிகிரி என்று வைத்து இதே கணக்கைப் போட்டால் தண்ணீர் 23 டிகிரி இருந்தால் போதும் என்று வரும். நல்ல மண்பானைத் தண்ணீர் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். நான் இதைத்தான் விரும்புவேன், கையில் கணக்கு நோட்டு இல்லாமலே வேலை நடக்கும்.

மோட்டார்_மெக்கானிக்:

கருகல் வாசனை வருகிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும், அது விளையாட்டு இல்லை. 1000 வாட் என்பது மிஷின் இழுக்கும் கரண்ட்டின் கணக்கு, மாவைத் திருப்பும் பலத்தின் கணக்கு இல்லை. அதை நம்பி இன்னொரு மிஷின் வாங்காதீர்கள்.

பிசையும்போது வேகம் குறைவாக இருப்பதால் மோட்டாருக்குள் இருக்கும் விசிறியும் மெதுவாகவே சுற்றும். பாரமோ அதிகம். அதனால்தான் கிரீம் அடிக்கும்போது வராத சூடு பிரெட்டில் வருகிறது. அதற்காக வேகத்தைக் கூட்டினால் கியர் அடிவாங்கும். 1, 2-க்கு மேல் போக வேண்டாம். ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு மைதா தாங்கும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கும், பாருங்கள். தலையில் உள்ள காற்றுத் துளைகளில் மைதா அடைத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கொக்கி கிண்ணத்தின் அடியை உரசாமல், ஆனால் ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். இடைவெளி கூடினால் அடியில் மாவு அசையாமல் கிடக்கும், கொக்கி மேல்மாவை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். தலை சாயும் மிஷின்கள் பலவற்றில் கழுத்து மடங்கும் இடத்தில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினால் தலை ஏறி இறங்கும். கொக்கி எந்த வடிவம்? சி மாதிரி வளைந்ததா, திருகாணி மாதிரி முறுக்கியதா?

அடுப்படி_திருநகர்:

சி வடிவம். அடியில் என் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. திருகு இருப்பதே இப்போதுதான் தெரிகிறது!

மோட்டார்_மெக்கானிக்:

சுண்டுவிரல் நுழைந்தால் மிக அதிகம். பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருகுங்கள், தலை சரியாகப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். சி வடிவக் கொக்கியில் மாவு ஏறுவது கொஞ்சம் சகஜம். முறுக்குக் கொக்கி மாவைக் கீழே தள்ளும், உங்களுடையது அப்படித் தள்ளாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஈரக் கையால் வழித்துக் கீழே தள்ளினால் போதும். ஓடும்போது கையையோ கரண்டியையோ உள்ளே விடாதீர்கள்.

புதூர்_பரோட்டா:

எங்கள் அப்பா பரோட்டா மாஸ்டர். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், பிசையும் நேரத்தைவிட ஊற விடும் நேரம்தான் அதிகம். முதலில் மாவு சொரசொரவென்று கிடக்கும், யாரும் அதோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். திரும்பி வந்து நான்கு அடி அடித்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். பன் பரோட்டா மெத்தென்று வருவதில் பாதி இந்த ஊறல்தான். பிரெட்டுக்கும் இது ஆகுமா என்று தெரியாது, சொல்லத் தோன்றியது.

பழைய_பேக்கரிக்காரர்:

தம்பி சொன்னது பிரெட்டுக்கும் அப்படியே பொருந்தும். பிரான்சில் ரேமோன் கால்வெல் என்ற ரொட்டி ஆசிரியர் 1970-களில் இதையே சொல்லி, ஆட்டோலீஸ் என்று பெயரும் வைத்தார். மைதாவும் தண்ணீரும் மட்டும் கலந்து ஊற விட வேண்டும். ஊறும்போது ஜவ்வு தானாகவே கட்டும், மிஷின் வேலை பாதியாகக் குறையும். மிஷின் வேலை குறைந்தால் சூடும் குறையும்.

ஆகவே அம்மா இப்படிச் செய்து பாருங்கள். மைதா, சர்க்கரை, ஐஸ் தண்ணீர் மூன்றையும் முதல் வேகத்தில் காய்ந்த மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலந்து, மூடி, கிண்ணத்தோடு 25 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்து ஈஸ்ட்டையும் உப்பையும் தூவி இரண்டாம் வேகத்தில் நான்கைந்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் வெண்ணெய், அது கலக்கிற வரைக்கும் மட்டும். ஈஸ்ட் 4 கிராமுக்கு மேல் வேண்டாம், இந்த வெயிலில் 7 போட்டால் நெடி வராமல் என்ன செய்யும். ஈஸ்ட்டை ஐஸ் தண்ணீரில் நேராகக் கரைக்காதீர்கள். காய்ந்த ஈஸ்ட் கடும் குளிர்ச்சியில் நனைந்தால் அதற்குள்ளிருந்து குளுட்டாதயோன் என்ற பொருள் கசியும், அதுவும் ஜவ்வைத் தளர்த்தும்.

கடிகாரத்தை நம்ப வேண்டாம். எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, நான்கு பக்கமும் மெல்ல இழுத்து, ஜன்னல் பக்கம் பிடியுங்கள். கிழியாமல் விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிந்தால் முடிந்தது. கிண்ணத்தின் சுவரை விட்டுவிட்டு அடியில் மட்டும் ஓர் உள்ளங்கை அளவு ஒட்டினால் அது தப்பில்லை, எல்லாரும் அதைப் பார்த்துத்தான் மைதாவைத் தூவுகிறார்கள்.

வைகைக்கரை:

சரி சரி, எனக்குத்தான் அந்த அடி. இனி தூவவில்லை. ஒரு சந்தேகம், ஆர்.ஓ. தண்ணீரா, போர்த் தண்ணீரா?

பழைய_பேக்கரிக்காரர்:

கோபிக்காதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் குறைவு, மாவு கொஞ்சம் கூடுதலாகப் பிசுபிசுக்கும். மிதமான கடினத் தண்ணீர்தான் ஜவ்வுக்கு நல்லது. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் போதும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

அடுப்படி_திருநகர்:

செய்து பார்த்துவிட்டேன், விவரம் சொல்கிறேன்.

முதலில் பழைய முறையில் பாதி அளவு மாவைப் பிசைந்து, பாகு பதம் பார்க்க வைத்திருக்கும் தெர்மாமீட்டரைச் செருகினேன். 37! பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் ஐயா. அப்புறம் திருகைச் சரிசெய்துவிட்டு ஐஸ் முறையில் செய்தேன். வெண்ணெய் சேர்த்து முடித்தபோது 27. மிக்ஸரின் தலை வெதுவெதுப்போடு நின்றது, வாசனை எதுவும் இல்லை. மாவு சுவரை விட்டு வந்து, கொக்கியோடு சேர்ந்து தப்தப்பென்று கிண்ணத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தேன், ஓரத்தில் மட்டும் கிழிந்தது. பிரெட் அமுங்கவில்லை.

இரண்டு குறை. பாதி அளவு பிசையும்போது கொக்கி மாவைப் பிடிக்கவே இல்லை. முழு அளவில் மிஷின் கிரானைட் மேடையில் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வருகிறது.

மோட்டார்_மெக்கானிக்:

5 லிட்டர் கிண்ணத்தில் 250 கிராம் மைதா என்றால் கொக்கிக்கு எட்டாது. அதைக் கையால் பிசைந்துவிடுங்கள், கழுவும் வேலை மிச்சம். நகர்வதற்கு அடிக்கால் ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பு போடலாம். எப்படியும் பிசையும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

பழைய_பேக்கரிக்காரர்:

ஓரத்தில் கிழிவது மைதாவின் பலக்குறைவு. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் பரோட்டா மைதா, பேக்கரி மைதா என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் 500 கிராமுக்கு 10 கிராம் குளூட்டன் பொடி கலந்தால் புரதம் 11 சதவீதத்தைத் தாண்டும். அப்போது தண்ணீரை 15 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள்.

மேலூர்க்காரன்:

இதே கொக்கியில் சப்பாத்தி மாவு பிசையலாமா? வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

பழைய_பேக்கரிக்காரர்:

பிசையலாம் தம்பி. ஆட்டாவில் தவிடு இருப்பதால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும், அதுவும் மெதுவாகக் குடிக்கும். கலந்து பத்து நிமிடம் ஊற விட்டு, அப்புறம் இரண்டாம் வேகத்தில் மூன்று நிமிடம் போதும். மாவு கெட்டியாக இருந்தால் மட்டும் மிஷினில் போடாதீர்கள், பிரெட் மாவைவிட அதுதான் மோட்டாரை அதிகம் திணறடிக்கும்.