நேஷனல் பார்க், சாங்சுவரி, ரிசர்வ்: ஐந்து சொல் வேண்டும், புதன்கிழமைக்குள்

அந்தியூரிலிருந்து:

சொல்லாக்க மடற்குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் மாடு வளர்க்கும் ஊர்களுக்காக 16 பக்கத்தில் ஒரு கையேடு தயாராகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கு என்னென்ன பெயர் வைக்கிறது, எந்தப் பெயர் வைத்த காட்டில் அங்கே வாழ்கிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்வதுதான் அதன் வேலை. தமிழாக்கம் என் பொறுப்பு. புதன்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

பெயர்கள் ஐந்து. நேஷனல் பார்க், சாங்சுவரி, கன்சர்வேஷன் ரிசர்வ், கம்யூனிட்டி ரிசர்வ், டைகர் ரிசர்வ். முதல் இரண்டும் தேசியப் பூங்கா, சரணாலயம். கடைசியானது புலிகள் காப்பகம். நடுவில் உள்ள இரண்டுக்கும் இன்னும் சொல் நிலைக்கவில்லை. முதலில் இவற்றைக் கேட்கத்தான் எழுத நினைத்தேன்.

ஆனால் போன வாரம் மலையில் ஓர் ஊரில் வரைவைப் படித்துக் காட்டினோம். ஒரு பெரியம்மா மாட்டு மணி ஒன்றை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "தேசியப் பூங்காவுக்குள் கால்நடைகள் நுழையவே கூடாது" என்ற வரி வந்ததும் கையை நிறுத்தினார். "பூங்கான்னா, அந்தியூர்ல எம் பேத்தி ஊஞ்சல் ஆடுச்சே, அதுதானுங்களே? அதுக்குள்ள நாங்க எதுக்குங்க மாட்ட ஓட்டிட்டுப் போறோம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரணாலயம்னா யாருக்குச் சரணு?" என்று இன்னொரு கேள்வி.

பர்கூர் செம்மறை மாடுகள் காட்டுக்குள் பட்டி போட்டு மாதக்கணக்கில் மேய்ந்து வளர்ந்த இனம். 2024 ஜனவரியில் இங்கே 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்த ஐந்து சொல்லுக்குள் என்ன வித்தியாசம் என்பது அந்தப் பெரியம்மாவுக்கு இலக்கணப் பிரச்சினை இல்லை. அடுத்த மழைக்கு மாடு எங்கே போகும் என்ற கேள்வி. ஆகவே ஐந்தையும் புதிதாகப் பார்க்க உதவுங்கள்.

*

சிதம்பரத்திலிருந்து:

அம்மா, பூங்காவைக் கைவிடும் முன் அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பூ + கா. "பூப்பெயர்முன் இனமென்மையும் தோன்றும்" என்ற நன்னூல் விதிப்படி பூங்கா. இதில் பூ வெறும் அடை. உயிர் 'கா'வில் இருக்கிறது. கா என்றால் சோலை, கா என்றால் காப்பாற்று. இரண்டும் ஒரே சொல் என்பது என் நெடுநாள் துணிபு. வெட்டாமல், மேயவிடாமல் காத்துவைத்த மரக்கூட்டம் கா. அப்படிக் காக்கப்படாதது காடு. மலையாளத்தில் இன்றைக்கும் பாம்புக்கு விட்ட தோப்பைக் காவு என்கிறார்கள்.

பாடல்பெற்ற தலங்களில் 'கா' என்று முடிபவற்றை எண்ணிப் பாருங்கள். திருவானைக்கா, திருக்கோலக்கா, திருக்கோடிகா, திருக்குரக்குக்கா, திருநெல்லிக்கா. ஆனைக்கா யானைக்கு விட்ட சோலை. குரக்குக்கா குரங்குக்கு விட்ட சோலை. விலங்குக்கென ஒரு காட்டை ஒதுக்கி அதன் பெயராலேயே அழைக்கும் வழக்கம் நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் 1872இல்தான் வந்தது.

ஆகவே என் முன்மொழிவு: பெருங்கா, உயிர்க்கா, பேணுகா, ஊர்க்கா, புலிக்கா. ஐந்தும் ஒரே வேர், ஒரே அளவு. 'கா' என்பது நிறுத்தலளவையும் ஆகும். "பனையென் அளவும் காவென் நிறையும்" என்கிறார் தொல்காப்பியர். காவடித் தண்டுக்கும் கா என்றே பெயர். சுமையைத் தாங்குவதும் காப்பதும் ஒன்று என்று முன்னோர் கண்டது அங்கேயும் தெரிகிறது. காவிரியைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

*

கோபியிலிருந்து, பள்ளி ஆசிரியை:

சிதம்பரம் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை நேற்று எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஆனைக்கா பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் 'ஊர்க்கா' என்றதும் கடைசி வரிசையில் ஒருவன் "ஊறுகாயா டீச்சர்?" என்று நிஜமாகவே கேட்டான். வகுப்பு அதற்குப் பிறகு அடங்கவில்லை. காதில் விழும்போது கலைகிற சொல் சந்தை நாளில் நிற்காது ஐயா.

எனக்குத் தோன்றுவது 'காப்பு'. எங்கள் பக்கம் போகியன்று காப்புக் கட்டுவோம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாணத்தில் (கூரை விளிம்பில்), மாட்டுக் கொட்டகையில், வயல் மூலையில் செருகுவோம். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் போய்த் தங்கமாட்டார். இன்னது செய்யலாம், இன்னது செய்யக்கூடாது என்ற கட்டு அன்றிலிருந்து எல்லோருக்கும் உண்டு. இதை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. "இது காப்புக் கட்டிய காடு" என்றால் போதும், வேலி தெரிந்துவிடும்.

*

சென்னையிலிருந்து, வழக்கறிஞர்:

காப்பு நல்ல சொல்தான், ஆனால் 'காப்புக்காடு' ஏற்கெனவே ஒரு சட்டச் சொல். 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் வரும் ரிசர்வ் பாரஸ்டை அப்படித்தான் வனத்துறை எழுதுகிறது. அதையே இங்கும் போட்டால் இரண்டு சட்டம் ஒரு பெயருக்குள் கலந்துபோகும்.

கையேடு யார் கையில் போகிறது என்பதை யோசியுங்கள். படித்தவர் நாளைக்கு ஆட்சியரிடம் மனு எழுதுவார். அரசிதழில் 'சரணாலயம்' என்று இருக்கும்போது மனுவில் 'உயிர்க்கா' என்று இருந்தால் எதைக் குறித்துக் கேட்கிறார் என்றே தெரியாது. சொல் அழகாக இருந்து மனு திரும்பி வந்தால் என்ன பயன்?

வித்தியாசத்தையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சல் கிடையாது. சட்டத்தின் 35ஆம் பிரிவு நேராகவே தடுக்கிறது. சரணாலயத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளர் மேய்ச்சலை முறைப்படுத்தலாம், தடுக்கவும் செய்யலாம் என்கிறது 33ஆம் பிரிவு. ஆனால் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மூன்றிலும் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. மறுபக்கம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமை என்று கணக்கில் எடுக்கிறது, அது சரணாலயத்துக்கும் பூங்காவுக்கும் பொருந்தும். இவ்வளவையும் ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது. அடைக்க முயன்றால் அந்தச் சொல் பொய் சொல்லும்.

கன்சர்வேஷன் ரிசர்வ், கம்யூனிட்டி ரிசர்வ் இரண்டும் 2002 திருத்தத்தில் வந்தவை. முன்னது அரசு நிலத்தில், சுற்றியுள்ள மக்களைக் கலந்து பேசி அறிவிப்பது. பின்னது ஊரோ தனியாரோ தாங்களே முன்வந்து தம் நிலத்தைக் கொடுப்பது. இதில்தான் உங்களுக்கு உண்மையில் சொல் தேவை.

*

மதுரையிலிருந்து:

அரசிதழில் வந்துவிட்டால் அது தமிழாகிவிடுமா? சரண், ஆலயம் இரண்டும் வடசொல். புகல் என்ற சொல் இருக்கும்போது நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? காட்டுயிர்ப் புகலகம் என்று எழுதுங்கள். வனவிலங்கு என்பதும் வேண்டாம். விலங்கு என்றால் பறவையும் பாம்பும் வண்டும் எங்கே போகும்? காட்டுயிர் என்பது இன்று பத்திரிகைகளிலும் பழகிவிட்டது.

தேசியப் பூங்காவுக்கு 'மிளை' இருக்கிறது. மிளை என்றால் காவற்காடு. சங்கப் பாட்டில் கடிமிளை வருகிறது. குறளும் "மணிநீரும் மண்ணும் மலையும் அணிநிழற் காடும் உடைய தரண்" என்று காட்டை அரணாகவே வைக்கிறது.

*

சிதம்பரத்திலிருந்து:

மிளையை நான் மறுக்கிறேன். அது கோட்டையைக் காக்கும் காடு, காடு அங்கே மன்னனுக்குக் காவலாள். இங்கே நாம் காட்டைக் காக்க வேண்டும். பொருள் தலைகீழ்.

சரணாலயத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" என்று தொல்காப்பியரே வழி விட்டிருக்கிறார். 'சரணாலயம்' என்பதில் ஒரு கிரந்த எழுத்துகூட இல்லை. வேடந்தாங்கலைப் பறவைகள் சரணாலயம் என்று மூன்று தலைமுறை சொல்லிவிட்டது. ஆனால் 'கா' இன்னும் என் முதல் விருப்பம்.

*

மதுரையிலிருந்து:

ஆனைக்கா யானைக்கு விட்ட சோலை என்றீர்களே ஐயா, அங்கே ஆனை பூசித்தது என்பதால் வந்த பெயர் என்றல்லவா தலபுராணம் சொல்கிறது? குரக்குக்காவில் அனுமன் பூசித்தான் என்கிறார்கள். காட்டுயிர் ஒதுக்கீடு அதில் எங்கே வந்தது?

*

சிதம்பரத்திலிருந்து:

பெயர் முதலில், புராணம் பிறகு. யானை திரியும் சோலையாக இருந்ததால்தான் ஆனை பூசித்த கதை அந்த இடத்தில் ஒட்டியது. இதற்கு மேல் என்னிடம் சான்று இல்லை, ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

அக்கா, எங்கட பக்கத்து அனுபவத்தையும் கேளுங்கோ. இங்கே திணைக்களத்தின் பெயரே வனசீவராசிகள் திணைக்களம். மதுரை ஐயா கேட்ட பாம்பும் வண்டும் அதற்குள் அடங்கிவிடும். 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கன வகை பிரிக்கிறது. ஆய்வுக்கு மட்டும் ஆட்களை விடுகிற கடும் இயற்கை ஒதுக்ககம் ஒன்று, வில்பத்து, யால போலப் பார்வையாளர் போகிற தேசிய பூங்கா இன்னொன்று, சரணாலயம் வேறு. ரிசர்வுக்கு நாங்கள் 'ஒதுக்ககம்' என்கிறோம்.

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாக இருந்து 2015இல் தேசிய பூங்காவானது. கடலும் களப்பும் (கடற்கழி) அதே இடத்தில்தான் இருக்கு, பறவையும் அதேதான். பெயர்ப்பலகை மாறினால், அங்கே மீன்பிடிக்கிற ஆளுக்கு எது மாறியது என்று அந்தப் பலகை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். பெயரோடு விதியையும் சேர்த்து எழுதுங்கோ என்பதுதான் என்ர கருத்து.

'ஒதுக்ககம்' உங்களுக்குச் சரி வருமா தெரியேல்லை. எங்களுக்கே ஒதுக்குவது என்றால் ஆட்களை ஒதுக்குவதாகவும் கேட்கும்.

*

ஈப்போவிலிருந்து:

சின்னக் குறிப்பு. மலாய் மொழியிலும் இதே கதைதான். தேசியப் பூங்காவுக்கு மலாயில் தாமான் நெகாரா என்று பெயர். அதில் 'தாமான்' என்றால் தோட்டம். குடியிருப்புப் பகுதிகளுக்கும் எங்கள் ஊரில் தாமான் என்றே பெயர். இந்தியிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் உத்யானம் என்று வைத்திருப்பதாகப் படித்தேன். ஆங்கிலத்தில் பார்க் என்றால் ஒரு காலத்தில் மன்னர் வேட்டையாடுவதற்கு வேலி போட்டு மான் வளர்த்த இடம். மற்றவர் நுழையக் கூடாது என்பது அதற்குள் இருந்தது. மொழிபெயர்த்தவர்கள் எல்லோரும் பூவை எடுத்துக்கொண்டு வேலியை விட்டுவிட்டார்கள்.

*

அந்தியூரிலிருந்து:

ஈப்போ அண்ணனின் கடைசி வரியை மேசை மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் இரண்டு நாளாகத் தேடியது அந்த வேலியைத்தான்.

அப்புறம் 'அபயாரண்யம்' பற்றித் தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தெலுங்கிலும் இந்தியிலும் சரணாலயத்துக்கு அந்தச் சொல் உண்டு, அச்சமில்லாக் காடு என்று பொருள். அழகான சொல். ஆனால் அந்தப் பெரியம்மா "யாருக்கு அச்சமில்ல?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

திருநெல்வேலியிலிருந்து:

தாமதத்துக்கு மன்னிக்கவும். கன்சர்வேஷன் ரிசர்வுக்கு எங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. திருப்புடைமருதூரில் தாமிரபரணிக் கரையில் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தாமாகவே காத்துவந்தார்கள், அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 2005இல் அது அறிவிக்கப்பட்டது. சில ஏக்கர்தான். கீழே விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிற ஊருக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று யோசித்தால் 'பேணுதல்' தான் வருகிறது. பிள்ளையைப் பேணுவது போல. பேணகம் என்று வைக்கலாம். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் வந்த கடற்பசுக் காப்பிடத்தை 'பாதுகாப்பகம்' என்கிறார்கள், அதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் காப்பகம் என்ற சொல் ஏற்கெனவே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் புலிக்கும் உழைத்துக் களைத்துவிட்டது.

*

கோபியிலிருந்து:

பேணகம் வகுப்பில் நின்றது. ஊர்ப்பேணகம் என்று சொல்லிப் பார்த்தார்கள், யாரும் ஊறுகாய் கேட்கவில்லை. 'சமூகக் காப்பகம்' என்றால் ஏதோ அலுவலகம் என்கிறார்கள்.

*

சென்னையிலிருந்து:

அடைப்புக்குறிக்குள் அரசு வழங்கும் சொல்லும் சட்டப் பிரிவு எண்ணும் இருந்தால் எனக்கு மறுப்பில்லை. மனு எழுதுகிறவருக்கு எண் போதும்.

*

அந்தியூரிலிருந்து:

நாளை அச்சு. இதுவரை பேசியதை வைத்து இப்படி முடித்திருக்கிறேன். தேசியப் பூங்காவும் சரணாலயமும் புலிகள் காப்பகமும் அப்படியே இருக்கும். கன்சர்வேஷன் ரிசர்வ் பேணகம், கம்யூனிட்டி ரிசர்வ் ஊர்ப்பேணகம். ஐந்துக்கும் கீழே யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னபடி தடித்த எழுத்தில் ஒரு வரி விதி. தேசியப் பூங்காவின் கீழே "மாடு, ஆடு நுழையக் கூடாத காடு". சரணாலயத்தின் கீழே எழுதியதை மூன்று முறை மாற்றிவிட்டேன். இப்போதைக்கு "உங்கள் உரிமை என்னென்ன என்று எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய காடு" என்று நிற்கிறது. வழக்கறிஞர் அண்ணன் இன்றிரவு பார்த்துச் சொன்னால் நல்லது. காப்புக் கட்டும் உவமையை முன்னுரையில் டீச்சரின் சொற்களிலேயே சேர்த்திருக்கிறேன்.

ஏழு பேர் சரி என்றார்கள், இருவர் பதில் போடவில்லை. மதுரை ஐயா புகலகத்தை விட்டதற்கு வருந்துகிறார், தெரியும்.

*

சிதம்பரத்திலிருந்து:

அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள் அம்மா, நேரம் முக்கியம். என் மாறுபாட்டையும் குழுமத்தின் பதிவில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பூங்காவைப் பூந்தோட்டமாக்கியது நகராட்சிகள்தான், சொல்லின் மேல் பிழை இல்லை. பின் அட்டையில் இடம் இருந்தால் 'கா' என்ற ஓரெழுத்துக்கு உள்ள பொருள்களை மட்டும் போடுங்கள். நான்கு வரிதான் வரும்.

*

அந்தியூரிலிருந்து:

இடம் இருக்கிறது ஐயா. ஆனைக்காவையும் சேர்த்து ஐந்து வரியாக அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்குள்.