இணையத்தைப் படித்துக் கணினி தானே உண்மைகளைக் கற்குமா?

கிண்டி மாணவி:
வணக்கம். சென்னை பற்றிய தமிழ்ப் பக்கங்களைப் படித்து இடங்களின் விவரங்களைத் தானே திரட்டும் நிரலை, இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக எழுதி வருகிறேன். "அடையாறு, கூவம் போன்ற ஆறுகள்" என்பதைச் சரியாகவே கற்கிறது. ஆனால் "அடையாறு, மயிலாப்பூர் போன்ற பகுதிகள்" என்பதைப் படித்ததும் மயிலாப்பூரையும் ஆறுகளோடு சேர்த்துவிடுகிறது. இதைத் தடுப்பது எப்படி?

தரமணி ஆய்வாளர்:
இந்தச் சிக்கல் பழையது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் இயக்கத் தொடங்கிய, இணையப் பக்கங்களைப் படித்துத் தானே கற்கும் நெல் (NELL) என்னும் கணினி அமைப்பு, இணையக் குக்கீகளை (இணையத்தளங்கள் நம் கணினியில் சேமிக்கும் சிறு தரவுகளை), பெயர் ஒன்றாக இருப்பதால் தின்பண்டம் என்றெண்ணி, அதைத் தொடர்ந்து கணினிக் கோப்புகளையும் அதே வகையில் சேர்த்தது. நூற்றுக்கணக்கான வகைகளையும் உறவுகளையும் ஒருசேரக் கற்பிப்பதே அவர்கள் கையாண்ட வழி. ஆறாக இருப்பது ஊராக இருக்க முடியாது, கடலில் கலப்பது ஆறாகவே இருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் ஒன்றின் பிழையை மற்றொன்று பிடிக்க உதவும். எனக்கு இது மிக அழகான சிந்தனை.

அண்ணா நகர் வாசகர்:
மேலே சொன்னது சரியே. ஆயினும் அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே வைத்தால், அடையாறு என்ற பகுதியையே உங்கள் நிரல் இழந்துவிடும். ஆற்றையும் பகுதியையும் தனித்தனிப் பொருள்களாகப் பதிந்து, உடன்வரும் சொற்களைக் கொண்டு பிரியுங்கள்: "வெள்ளம்", "முகத்துவாரம்" வந்தால் ஆறு, "பேருந்துப் பணிமனை", "வாடகை" வந்தால் பகுதி. இன்னொன்று, ஒரே செய்தியைப் பல தளங்கள் படியெடுத்திருந்தால் அவற்றை ஒரே சான்றாக மட்டும் எண்ணுங்கள்.

கிண்டி மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் படியெடுத்த பக்கங்களை நீக்கிவிட்டு, பிறகு இரண்டு அடையாறுகளையும் பிரிக்கிறேன்.