மல்லிகை மொட்டுப் பூச்சு: காப்புரிமைக்கு எவ்வளவு எழுத வேண்டும்?

(மூவர் பேசிக்கொள்வது; பெயருக்குப் பதில் அவரவர் ஊர்ப் பகுதி.)

மாட்டுத்தாவணி: மதுரை மல்லி மொட்டு சீக்கிரம் விரியாமலிருக்க சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) பூச்சு. காப்புரிமை விண்ணப்பம் எழுதப்போகிறோம். கலவை விகிதத்தை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் போதுமா?

கப்பலூர்: போதாது அண்ணே. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவு செய்முறையை முழுசாகக் கேட்கிறது. உங்களுக்குத் தெரிந்ததிலேயே சிறந்த முறையையும் கேட்கிறது. மறைத்தால் 25ஆம் பிரிவில் எதிர்ப்பு வரலாம். அதைத் தாண்டினாலும் 64ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். அந்தத் தொழிலில் சராசரித் திறமையும் அறிவும் உள்ள ஒருவர், இந்தியாவில், விண்ணப்பத் தாளை மட்டும் வைத்துச் செய்து பார்க்க முடியவேண்டும். அவருக்கு எடை போடவும் பி.ஹெச். (அமிலத்தன்மை அளவு) பார்க்கவும் சொல்லித்தர வேண்டியதில்லை. 30 பக்கத்தைத் தாண்டினால் பக்கத்துக்குப் பக்கம் கட்டணம் வேறு.

தல்லாகுளம்: சறுக்கும் இடம் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதிலுள்ள கால்சியம், ஆல்ஜினேட்டைக் கட்டிகட்டியாக்கிவிடும். 'தண்ணீரில் கரைக்கவும்' என்று மட்டும் இருந்தால் அடுத்தவர் கையில் பூச்சே வராது. ஆர்.ஓ. தண்ணீரா, கடினத்தன்மை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் வரை தாங்கும், எழுதுங்க. ஆல்ஜினேட்டுக்கு பிராண்ட் பெயர் போதாது. எந்தச் செறிவில், எந்த வெப்பத்தில் எவ்வளவு பாகுநிலை (கரைசலின் கெட்டித்தன்மை) என்பது வேண்டும். மொட்டு பறித்த நேரம், பூச்சில் முக்கி எடுத்த விநாடி, பூச்சை இறுக்கும் கால்சியம் குளோரைடின் செறிவு, உலர்த்திய வெப்பம் எல்லாம் எண்ணாக வரணும். 'தகுந்த அளவு', 'சிறிது நேரம்' இரண்டையும் அடித்துவிடுங்க.

உரிமைகோரலில் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்ற பகுதி) ஆல்ஜினேட் 0.5 முதல் 5 சதவீதம் என்று விரித்துவிட்டு, 2 சதவீதத்துக்கு மட்டும் சோதனை காட்டினால் கோருவது விவரித்ததை ஒட்டியே இருக்கணும் என்ற 10(5) பிரிவில் ஆட்சேபம் வர இடமுண்டு. அந்த சதவீத வரம்பின் அடி, நடு, நுனி மூன்றுக்கும் சோதனை முடிவு கொடுங்க. கெட்டுப்போன சோதனையையும் சேருங்க: எந்தத் தடிப்பில் காற்று அடைபட்டு மொட்டு பழுத்தது என்பது எல்லைக்குக் காரணம் சொல்லும். மல்லி எங்கே விளைந்தது என்பதையும் குறிப்பிடணும். உயிரியல் பொருளுக்கு அது கட்டாயம்.

மாட்டுத்தாவணி: விட்டுப்போனதைப் பிறகு சேர்க்கலாமா?

கப்பலூர்: 59ஆம் பிரிவு விடாது. பிழை திருத்தலாம், விளக்கலாம், கோரியதைக் குறைக்கலாம். புதுச் சரக்கு ஏறாது. தற்காலிக விவரக்குறிப்பு (முன்கூட்டியே தேதி பிடிக்கப் போடும் முதல் தாக்கல்) போட்டால் முழு விவரத்துக்கு 12 மாதம் உண்டு. ஆனால் தற்காலிகத்தில் இல்லாத விகிதத்துக்கு அந்த முதல் தேதி கிடைக்காது.

தல்லாகுளம்: தாக்கல் செய்வதற்கு முன்னால், ரகசியக் காப்புக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, குழுவில் இல்லாத ஒரு லேப் டெக்னீஷியனிடம் வரைவைக் கொடுங்க. அவர் சந்தேகம் கேட்டு அழைத்தால் நீங்க போன் எடுக்கக்கூடாது. அவர் கேட்க நினைத்த ஒவ்வொரு கேள்வியும் விட்டுப்போன ஒரு வரி.

கப்பலூர்: விகிதத்தை வெளியே விடவே மனசில்லை என்றால் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு ரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம் அண்ணே. ஆனால் பூச்சுப் பூவை எவராவது ஆய்வகத்தில் கொடுத்துப் பிரித்துப் பார்க்க முடியுமா என்பதை முதலில் சோதித்துக்கொள்ளுங்க.