டேப்லெட் வாங்க உதவி தேவை: 8.7 அங்குலமா, 11 அங்குலமா?

கேள்வி (பாபநாசம்):
வணக்கம். பிளஸ் டூ படித்துக்கொண்டே நீட் தேர்வுக்கும் தயாராகிவரும் என் மகளுக்கு, குறுவை நெல் போட்ட பணம் கொள்முதல் நிலையத்திலிருந்து வந்ததும் ஒரு டேப்லெட் வாங்கித்தர எண்ணியிருக்கிறேன். அண்ணன் வீட்டிலுள்ள 8.7 அங்குல டேப்லெட்டில் அவளுடைய ஏ4 அளவு பிடிஎஃப் குறிப்புகளைத் திறந்தபோது எழுத்துகள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. விரலால் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. கும்பகோணத்தில் விசாரித்ததில் 11 அங்குலத்துக்கு ஆறாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொல்கிறார்கள். 2.3 அங்குலத்துக்காக அவ்வளவு கொடுப்பது தகுமா, அல்லது சிறியதிலேயே இதைச் சரிசெய்ய வழியுண்டா?

மறுமொழி (தஞ்சாவூர், அச்சகத்தில் பக்க வடிவமைப்பு):
ஐயா, கடையில் சொல்லும் அங்குலம் திரையின் மூலைக்கு மூலை அளவு; படிப்பதற்குத் தேவைப்படுவதோ அகலம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். நீளமும் அகலமும் 5:3 விகிதத்திலுள்ள 8.7 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் ஏறத்தாழ 114 மில்லிமீட்டர்தான் என்பதால், 12 புள்ளி (‘பாயின்ட்’ எனும் அச்செழுத்து அளவு) எழுத்து ஆறரைப் புள்ளிக்குச் சுருங்கிவிடுகிறது. 16:10 விகிதத்திலுள்ள 11 அங்குலத்தில் அகலம் 148 மில்லிமீட்டர், எழுத்து எட்டரைப் புள்ளி. பணம் கொடுக்குமுன் அண்ணன் வீட்டு டேப்லெட்டைப் படுக்கைவசமாகத் திருப்பிப் பாருங்கள்: அகலம் 190 மில்லிமீட்டரை நெருங்குவதால் எழுத்து கிட்டத்தட்ட 11 புள்ளியில் தெரியும். ஒரே பார்வையில் பக்கத்தின் ஐந்தில் இரண்டு பங்குதான் தெரியும் என்பதால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும். பிடிஎஃப் செயலியில் ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் வசதி இருந்தால் இன்னும் சற்றுப் பெரிதாகும்.

மறுமொழி (மயிலாடுதுறை, கைப்பேசிக் கடை):
2.3 அங்குலம் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருந்தாலும், பரப்பளவில் 11 அங்குலத் திரை 60 விழுக்காட்டுக்கும் மேல் பெரியது. எங்கள் கடைக்கு வருபவர்கள் முதலில் விலையைக் கேட்டுச் சிறியதைக் கையில் எடுக்கிறார்கள். பிறகு தங்கள் கைப்பேசியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பலர் மனம் மாறிவிடுகிறார்கள். கைப்பேசித் திரையே 6.7 அங்குலத்துக்கு வந்துவிட்ட நிலையில், 2012-ஆம் ஆண்டு வாக்கில் 7 அங்குல டேப்லெட்டுகளுக்கு இருந்த மவுசு இப்போது இல்லை. ஆனாலும் பேருந்தில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடித்துப் படிப்பவர்களுக்கு நான் சிறியதைத்தான் சொல்வேன், ஏனென்றால் பெரியதன் எடை பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியிருக்கும்.

கேட்டவர்:
படுக்கைவசமாகத் திருப்பியதில் பாடப் பகுதியை மகள் சிரமமின்றிப் படித்தாள்; மிக்க நன்றி. ஆனால் உயிரியலில் நெஃப்ரான் (சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண் அலகு) படத்தைத் திறந்தபோது, அதன் கீழ்ப்பகுதியான ஹென்லே வளைவு திரையில் இருக்கையில் மேற்பகுதியான கிளோமெருலஸ் மேலே மறைந்துவிட்டது. படம் முழுவதும் தெரியும்படி சுருக்கினால் பாகங்களின் பெயர்களை வாசிக்க முடியவில்லை. அவள் படிப்பது வீட்டில், மேசையில்தான்.

மறுமொழி (தஞ்சாவூர்):
அப்படியானால் 11 அங்குலத்தையே எடுங்கள். படம் நிறைந்த பாடத்துக்கு அந்த ஆறாயிரம் வீண்போகாது. மெமரி கார்டு போடும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் சேமிப்பிடம் குறைந்த வகையை வாங்கி விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். குறிப்பு பிடிஎஃப் ஒன்றைக் கைப்பேசியில் கொண்டுபோய், அந்த நெஃப்ரான் பக்கத்தைக் கடையிலுள்ள டேப்லெட்டிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.